வோக்கி டோக்கியை அழுத்தியதும் தாவிய வெப்பநிலை: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

டிக்கோயாக்காரன்:
ஆறு வருடமாகியும் மனம் ஆறவில்லை. அப்போது நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கர். இரவு வேலை. தேயிலை உலர்த்தும் ட்ரையரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சாய்ந்தபடி, மேல்மாடியில் கொழுந்து வாட்டும் பையனை வோக்கி டோக்கியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். திரையில் 98 பாகை ஒரே தாவலில் 190 ஆனது. அடுப்பின் விசிறி தானாக நின்றது. அன்றிரவு மூன்று தடவை இப்படி. அடுப்படியில் நின்ற பெரியவர் காற்றுக்குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, சூடு ஏறவில்லை. பெட்டிதான் பொய் சொல்கிறது" என்றார். நான் நம்பவில்லை. விறகை அதிகமாகப் போட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று நாள் சம்பளம் போயிற்று அவருக்கு. இரண்டு மாதம் கழித்து, பட்டப்பகலில், என் கண்ணெதிரே வோக்கி டோக்கியின் பொத்தானை அழுத்தியபோது எண் தாவியது, விட்டபோது இறங்கியது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்தப் பழுதான கருவியை இன்றைக்கும் மாற்றவில்லை.

மஸ்கெலியா நீர்மின்:
எங்களுடையது சிறிய நீர்மின் நிலையம். ஏப்ரல் மாத இடி எப்படியிருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு மாலை பக்கத்து மேட்டில் இடி விழுந்தது, டர்பைன் நின்றது. மேல் தொட்டியில் தண்ணீரே இல்லை என்று கணினி காட்டியது. மழையில் ஏறிப் போய் டோர்ச் அடித்தேன். தொட்டி விளிம்பு வழிந்து என் காலணிக்குள் தண்ணீர் ஏறுகிறது. கீழேயிருந்து நண்பர் கைத்தொலைபேசியில் "பூச்சியம்தான் காட்டுகிறது, பூச்சியம்தான்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பண்டாரவளை கருவியாளர்:
டிக்கோயாத் தம்பி, உங்கள் கருவி பழுதல்ல. சூட்டை அளக்கும் சென்சரான தெர்மோகப்பிள், வழக்கமான K வகையென்றால், ஒரு பாகைக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்தான் தரும். நீங்கள் பார்த்த 92 பாகைத் தாவலுக்கு 4 மில்லிவோல்ட் கூட வேண்டியதில்லை. 5 வாட் வோக்கி டோக்கி ஒரு மீற்றர் தூரத்திலேயே மீற்றருக்கு 12 வோல்ட் அளவுக்கு மின்புலம் உண்டாக்கும். அது சென்சர் வயரில் ஏறினால் பெட்டி அதையும் சூடு என்றே கணக்கெடுக்கும். தொழிற்சாலைக் கருவிகளைப் பெரும்பாலும் மீற்றருக்கு 10 வோல்ட் மின்புலத்தில்தான் சோதிக்கிறார்கள். நீங்களோ பெட்டியில் சாய்ந்து நின்றிருக்கிறீர்கள்.

நான் வளைகுடாவில் ஓர் அணுமின் நிலையத்தில் வேலை செய்தேன். ஒரு நாள் மறதியாகக் கைத்தொலைபேசியோடு கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருக்கும் அறைக்குள் காலெடுத்து வைத்தேன். மூத்தவர் ஒருவர் பேசாமல் என் நெஞ்சில் கை வைத்து நிறுத்தினார். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தக் கைக்குப் பின்னால் நீண்ட அனுபவம் இருக்கிறது. கையடக்க வானொலிகள் பற்றி அமெரிக்க அணுசக்தி ஒழுங்காற்று ஆணைக்குழு 1983 இலேயே நிலையங்களை எச்சரித்தது. 2000 இல் வந்த அதன் வழிகாட்டியின்படி, மீற்றருக்கு 10 வோல்ட்டில் சோதித்த பாதுகாப்புக் கருவியின் அருகே கூட மின்புலம் மீற்றருக்கு 4 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. 5 வாட் வானொலிக்குக் கணக்குப் பார்த்தால் 3 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். பொய்யான ஓர் எண் அங்கே உலையையே நிறுத்திவிடும். அதைவிட மோசம், நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாமல் விடுவது.

ஆகவே நாளைக்கே பெட்டியைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போடுங்கள், அதற்குள் வோக்கி டோக்கி வேண்டாம். பெட்டிக் கதவைத் திறந்து வைக்காதீர்கள். சென்சர் வயரை மோட்டார் வயரோடு ஒரே குழாயில் இழுக்காதீர்கள். கவசமுள்ள வயராகப் போட்டு, கவசத்தைப் பூமியோடு இணைத்திருக்கிறார்களா என்று நீங்களே பாருங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள். மஸ்கெலியாவுக்கு: இடிக்கு உங்கள் நீண்ட வயரே வாசல். ஒளியிழை வடம் போட்டால் அந்த வாசல் அடைபடும்.

தலவாக்கலை மகள்:
அண்ணா, தம்பி கேட்டது கோடு போடும் முறையையல்ல. அந்தப் பெரியவரின் மூன்று நாள் சம்பளத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கூட எழுதவில்லையே.

டிஜிட்டல் தராசுக்குள் ஓடுவதும் மில்லிவோல்ட்தானே? எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவோடு வரிசையில் நிற்கிறேன். தராசில் 18.4 கிலோ. கங்காணி இடுப்பிலிருந்த வோக்கி டோக்கியை எடுத்துப் பேசினார். 16.9. அதைத்தான் எழுதினார்கள். அன்றைக்கு அம்மாவுக்கு அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான். வோக்கி டோக்கிதான் காரணம் என்று இனி நிரூபிக்க வழியில்லை. "இன்னொரு தடவை நிறுத்துப் பாருங்கள் ஐயா" என்று அம்மா கேட்டார். அதற்குள் அடுத்தவரின் சாக்கு தராசில் ஏறிவிட்டது.