திலேப்பியாவுக்குத் தடுப்பூசி போட்ட அனுபவம்

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா புகுந்த திலேப்பியா மீன் குளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கண் பிதுங்கும், மீன் வட்டமடித்து நீந்தும், அதுவும் தண்ணீர் சூடாக இருக்கும் மாதங்களில், விற்கிற அளவுக்கு வளர்ந்த மீன்களாகவே செத்து மிதக்கும். தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்து போடலாம்தான், ஆனால் நோய் வந்த மீன் தீவனத்தையே தொடாதே! அதனால்தான் தடுப்பூசிப் பக்கம் வந்தோம்.

ஊசி போடும் வேலையே நிதானம் கேட்கிற வேலை. முந்தின நாளே தீவனத்தை நிறுத்திவிட வேண்டும், வயிறு காலியாக இருந்தால்தான் ஊசி குடலில் படாது. அப்புறம் மயக்க மருந்து கலந்த தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக மீன்களை விட்டு, அசைவு அடங்கியதும் எடுத்து, வயிற்றின் நடுக்கோட்டில் குத்துகிறோம். மருந்தைப் பொறுத்து 0.05 அல்லது 0.1 மில்லி, அவ்வளவுதான். ஆனால் மருந்து வயிற்றறைக்குள் இறங்க வேண்டும். ஊசி நீளம் குறைந்தால் சதையிலேயே தங்கிவிடும், கூடினால் குடலைக் கிழித்துவிடும். அதனால் குஞ்சுகளை அளவுவாரியாகப் பிரிக்காமல் ஊசியைக் கையில் எடுக்கவே கூடாது என்பேன், இதில் அவசரப்பட்டால் மொத்தச் செலவும் வீண்.

இன்னொன்று, தயவுசெய்து இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணெய் கலந்த தடுப்பூசி தவறி நம் விரலில் குத்திவிட்டால், துளிதான் போனது என்று இருந்துவிடாதீர்கள். விரல் வீங்கி ரத்த ஓட்டமே தடைபடலாம். மருந்தோடு வந்த தாளையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

பக்கத்துப் பண்ணையில் மீன் சாகத் தொடங்கிய பிறகு ஊசி போட்டார்கள். பிடித்ததும் கையாண்டதும் சேர்ந்து நலிந்த மீன்களை இன்னும் வேகமாகக் கொன்றது. தடுப்பூசி போட்டதும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது, அது உருவாகத் தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்துச் சில வாரங்கள் ஆகும், குளிர்ந்த நீரில் இன்னும் தாமதமாகும். அதோடு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்ற ஒரே இனத்திலேயே 1ஏ, 1பி, 3 என்று வகைகள் உண்டு, ஒன்றுக்குப் போட்டது மற்றதைத் தடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது. செத்துக்கொண்டிருக்கும் மீனின் மூளை, சிறுநீரக மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி எந்தக் கிருமி, எந்த வகை என்று தெரிந்துகொண்டு, அடுத்த முறை விடுகிற ஆரோக்கியமான குஞ்சுகளுக்குப் போடுவதுதான் சரி.

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்றால், என் பதில் ஆமாம். நார்வே சால்மன் பண்ணைகளில் 1987-ல் மட்டும் ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாடிக் போனது. 1990-களில் எண்ணெய்த் தடுப்பூசிகள் பரவிய பிறகு உற்பத்தி பல மடங்கு கூடியும் ஆன்டிபயாடிக் அளவு முன்பு இருந்ததில் சிறு பங்காகச் சுருங்கிவிட்டது.

ஊசிக்குத் தாங்காத சின்னக் குஞ்சுகளை நீர்த்த தடுப்பு மருந்தில் அரை நிமிடம்போல முக்கியெடுக்கும் முறையும் இருக்கிறது, பாதுகாப்பு நீடிக்கும் காலம் பொதுவாக ஊசியைவிடக் குறைவு. அப்படி முக்கியெடுத்து, வளர்ந்த பிறகு ஊசியும் போட்டவர்கள் இருந்தால், எத்தனை வாரம் இடைவெளி விட்டீர்கள் என்று எழுதுங்கள்.