கலைச்சொல்: சுடர் விடாமல் எரிவதை எப்படிச் சொல்வது?

> ‘புகைதல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, வழக்கில் உள்ள சொல்தானே?

வணக்கம்.

வேறு ஆவணமாக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். இது இங்கிலாந்தில் பணியிடத்துக்கு வெளியே புகைப்பிடிக்கும் இடத்தை எங்கே அமைப்பது என்று சொல்லும் தீப்பாதுகாப்புக் கையேடு. ‘புகைத்தல்’, ‘புகைதல்’ இரண்டும் ஒரே பத்தியில் வரும். அச்சில் ஒரு ‘த்’ விழுந்தால் போச்சு!

அதைவிட, ‘புகைதல்’ வெளியே தெரியும் புகையைத்தான் சொல்கிறது. சுடரில் எரிவது வாயு. இங்கே திடப்பொருளின் மேற்பரப்பே சுடரில்லாமல் மெதுவாக எரிகிறது. மரத்தூள், பஞ்சு, காய்ந்த பீட் மண் (சதுப்பு நிலத்தில் பாதி மட்கிய செடிகளால் ஆனது) போல, காற்று புகும் துளைகளும் கரியாகும் தன்மையும் உள்ளவற்றில் இது நடக்கும்.

இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் மூடிய பணியிடங்களில் புகைக்கத் தடை. புகைப்பவர்கள் வாசலுக்கு வந்தார்கள். அங்கே அழகுக்கு வைத்த பூந்தொட்டி சாம்பல் கிண்ணமாகிவிடும். தொட்டியில் பீட் கலந்த மண். அது காய்ந்திருந்தால், சிகரெட் துண்டை அழுத்திச் செருகினாலும் நெருப்பு சாகாது. மேலே ஒன்றும் தெரியாமல் மணிக்கணக்கில் உள்ளுக்குள் பரவும். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு காற்று வாங்கிப் பிளாஸ்டிக் தொட்டி பற்றும், அப்புறம் பக்கத்து மரப்பலகை. ‘தொட்டியை அகற்று, மணல் வாளி வை’ என்று கையேடு சொல்வது இதனால்தான்.

‘மூட்டம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இந்த நெருப்பு அன்றாடப் பழக்கம். விறகை அடுக்கி, மண் பூசி, காற்றைக் குறைத்தே வேலை வாங்குவார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மேகமூட்டமும் தீமூட்டுவதும் குறுக்கே நிற்கின்றன. ‘தணல்’ பொருளின் பெயர், நிகழ்வின் பெயர் அல்ல.

என் பரிந்துரை: கனல்வு. ‘கனன்று’ ஏற்கெனவே நாவில் இருக்கிறது. எதிர்ச்சொல் சுடரெரிவு. ‘கனல்வு சுடரெரிவாக மாறலாம்’ என்று எழுதிப் பாருங்கள், இடறவில்லை.

புகைப்பதற்கென்று கூரையிட்ட இடத்துக்குப் ‘புகைக்கொட்டகை’ வேண்டாம். கொட்டகை என்றால் எனக்குக் கீற்றுதான் கண்ணில் வருகிறது, தீப்பாதுகாப்புக் கையேட்டில்! இங்கிலாந்து விதிப்படி கூரை இருந்தால் சுவர்ப்பரப்பில் பாதியாவது திறந்திருக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்து ‘நிழற்குடை’யே பொருந்தும்.

சிகரெட் துண்டுக்குப் புதுச்சொல் தேவையில்லை.