கோத்தகிரி தேயிலைக் கணக்கு: டேட்டாபேஸ் இணையவில்லை, காரணமும் சொல்வதில்லை

வணக்கம். கோத்தகிரியில் ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் (மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸ்). பச்சை இலை எடை போடும் இடத்தில் இன்னொரு கம்ப்யூட்டர். நேற்று மழையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து, எடை போடும் இடத்தில் அந்த டேட்டாபேஸோடு இணைய வேண்டிய கணக்கு புரோகிராம் அரை நிமிடம் சுற்றிவிட்டுத் தானாக மூடிக்கொள்கிறது. ஒரு வரி பிழைச்செய்தி கிடையாது. ஊமை கண்ட கனவு மாதிரி!

ஆபீஸில் அதே புரோகிராம் நன்றாகவே திறக்கிறது. எடை போடும் இடத்திலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டர் பெயருக்குப் பிங் (தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளை) போகிறது. அப்புறம் அங்கேயே வெறும் யுடிஎல் கோப்பு (டேட்டாபேஸ் இணைப்பைச் சோதிக்க உதவும் விண்டோஸ் கோப்பு) ஒன்றை உருவாக்கிச் சோதித்தேன். இன்ஸ்டன்ஸ் பெயர் (கம்ப்யூட்டரில் ஓடும் அந்த டேட்டாபேஸ் சர்வரின் பெயர்) கொடுத்தால் இணையவில்லை. ஐபியும் போர்ட் எண்ணும் கொடுத்தால் உடனே இணைகிறது. அதனால் இன்ஸ்டன்ஸ் பெயரைக் கேட்டு அதன் போர்ட் எண்ணைச் சொல்லும் எஸ்க்யூஎல் சர்வர் பிரவுசர் சர்வீஸின் யுடிபி 1434 போர்ட் மேல்தான் சந்தேகம். சர்வீஸ் ஓடுவதாகவே காட்டுகிறது. ஃபயர்வால் தடுக்கிறதா? கரண்ட் போனதில் விண்டோஸில் நெட்வொர்க் 'பப்ளிக்' (வெளி இணைப்புகளை அதிகம் தடுக்கும் வகை) ஆகியிருக்குமோ?

புரோகிராமின் இணைப்பு வரியை மாற்ற வழியில்லை, செய்து கொடுத்தவர் போனே எடுப்பதில்லை. டைனமிக் போர்ட்டை (தானாக மாறக்கூடிய போர்ட் எண்) நிறுத்தி 1433 என்று நிலையாக வைத்து, கிளையண்டில், அதாவது எடை போடும் கம்ப்யூட்டரில், அலியாஸ் (பழைய பெயரையே புது ஐபிக்கும் போர்ட்டுக்கும் திருப்பிவிடும் மாற்றுப்பெயர்) போட்டால் சரியாகுமா? புரோகிராம் 32 பிட். அலியாஸையும் 32 பிட் பக்கத்தில்தான் போட வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மதியத்துக்கு மேல் இலை வண்டிகள் வரிசையாக வரும். இப்போதைக்கு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.