ஏரியில் ராக்கெட் விட்ட ஞாயிறு

குழு: அம்மாயி வீடு (அம்மாவின் பெற்றோர்தான் அம்மாயியும் அப்புச்சியும்)
ஞாயிற்றுக்கிழமை

[மாலை 6.10] அம்மா: காலை ஆறு மணிக்குப் போன பிள்ளைகள் இருவரும் இப்போதுதான் வீடு திரும்பினார்கள். கொண்டு போன, மோட்டார் இல்லாமல் மிதந்து பறக்கும் தெர்மாகோல் கிளைடர் மட்டும் திரும்பி வரவில்லை. என்ன நடந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எல்லாவற்றையும் இங்கேயே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குப் போகிறேன்.

[மாலை 6.14] அம்மாயி: நல்லது. குழுவின் விதி எல்லோருக்கும் தெரியும் அல்லவா? முழு வாக்கியமாக எழுத வேண்டும்; குரல் பதிவு கூடாது. எங்கே போனீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

[மாலை 6.31] நான்: அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி, வாழப்பாடி சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வறண்ட ஏரி இருக்கிறது, அம்மாயி. ராக்கெட்டும் கிளைடரும் விடும் எங்கள் மன்றத்தைச் சேர்ந்த பதினான்கு பேர் வந்திருந்தோம். ஊர்த் தலைவரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கியிருந்தார்கள். காலையில் காற்றே இல்லாததால் முதலில் கிளைடர்களைச் சீர்படுத்தினோம். எட்டரை மணிக்கு மேல் நீர் ராக்கெட்டுகளை ஏவினோம். வெயில் ஏறிய பிறகு மறுபடியும் கிளைடர் விட்டோம். அந்த மறுபடியும்தான் தப்பாகிவிட்டது.

[மாலை 6.35] அப்புச்சி: சேலம் இப்போது விமானப் போக்குவரத்து நடக்கிற ஊராயிற்றே, அதை யோசித்தீர்களா?

[மாலை 6.37] நான்: யோசித்தோம், அப்புச்சி. விமான நிலையம் ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. நாங்கள் நகரத்திற்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்தோம். ஏரியைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

[மாலை 6.44] தம்பி: ராக்கெட் கதையை நான் எழுதுகிறேன். இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, கவிழ்த்துப் பிவிசி குழாயில் மாட்டி, சைக்கிள் பம்பால் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அழுத்தம் வரை காற்று அடித்தோம். பாட்டிலின் கழுத்தைச் சுற்றி கேபிள் டைகள் கவ்விப் பிடித்திருக்கும்; அவற்றின் மேல் இருக்கும் வளையத்தைக் கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுத்தால் பிடி விட்டுவிடும். உள்ளே நெருக்குண்ட காற்று தண்ணீரைக் கீழே தள்ளுகிறது, தண்ணீர் பாட்டிலை மேலே தள்ளுகிறது. கண் இமைப்பதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது வெறும் எறிந்த கல்தான்.

[மாலை 6.46] அத்தை: பாட்டில் வெடித்துவிடாதா? படிக்கும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

[மாலை 6.50] தம்பி: குளிர்பானப் பாட்டில் வாயுவின் அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது, அத்தை. தண்ணீர் விற்கும் மெல்லிய பாட்டிலை யாரும் தொடக்கூடாது என்று மன்றத்தில் விதி. கீறல் விழுந்த பாட்டிலையும் அங்கேயே நசுக்கிப் போட்டுவிடுவார்கள். காற்று அடிப்பவரைத் தவிர மற்ற எல்லோரும் கயிற்றுக்கு அப்பால்தான் நிற்க வேண்டும். அவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி உண்டு.

[மாலை 6.58] நான்: முதல் ராக்கெட் என்ன ஆயிற்று என்பதை அவன் எழுத மாட்டான், ஆகையால் நான் எழுதுகிறேன். அது பத்து மீட்டர் போனதும் தலைகீழாகப் புரண்டு, தண்ணீரைச் சுற்றிலும் பீய்ச்சியபடியே எங்கள் சாப்பாட்டுப் பைகளின் பக்கமாக வந்து விழுந்தது. மூன்று துடுப்புகளையும் அழகாக ஒட்டியிருந்தான். ஆனால் மூக்கில் எடையே வைக்கவில்லை. தண்ணீர் வெளியேறிய பின் பாட்டிலின் எடை முழுவதும் பின்னால் துடுப்புப் பக்கம் போய்விடுகிறது. எடையின் மையம் முன்னாலும், காற்று தள்ளும் மையம் பின்னாலும் இருந்தால்தான் அது நேராகப் பறக்கும். மூக்கில் ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்குக் களிமண்ணை அப்பிய பிறகு, எடை மையத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்த்தோம். மூக்கு முன்னோக்கியே சுற்றி வந்தது. அதன் பிறகு ஏவியது நூல் பிடித்தாற்போல் மேலே போயிற்று.

[மாலை 7.03] அம்மாயி: தீபாவளி வாணத்திற்குக் குச்சி எதற்கு என்று பள்ளியில் பிள்ளைகள் கேட்பார்கள், அடுத்த முறை யாராவது கேட்டால் இந்தச் செய்தியைக் காட்டிவிடுகிறேன்.

[மாலை 7.09] அப்புச்சி: அதே குச்சிதான் மைசூர்ப் படையின் வாணத்திலும் இருந்தது. இரும்புக் குழாயில் மருந்தை அடைத்து நீண்ட மூங்கிலில் கட்டியிருப்பார்கள். 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயக் கும்பினிப் படையின் மீது அதை ஏவினார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வரைக்கும் நம் சேலமும் மைசூர் ஆட்சியில்தான் இருந்தது. சங்ககிரிக் கோட்டைப் பக்கம் அளவை வேலைக்குப் போகும்போதெல்லாம் இது எனக்கு நினைவு வரும். அது போகட்டும், உயரத்தை எப்படிக் கணக்கிட்டீர்கள்?

[மாலை 7.15] நான்: ஏவுதளத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி நின்றேன், அப்புச்சி. பாகைமானியில் நூலும் ஒரு நட்டும் கட்டி, ராக்கெட் உச்சிக்குப் போனதும் அதன் விளிம்பு வழியே பார்த்து நூலை விரலால் அழுத்திப் பிடித்தேன். 42 பாகை வந்தது. 50ஐ அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட்டான 0.9ஆல் பெருக்கினால் 45 மீட்டர். என் கண்ணின் உயரத்தையும் சேர்த்தால் 46 மீட்டருக்கு மேல் போயிருக்கிறது. இன்றைக்கு அதுதான் முதலிடம்.

[மாலை 7.19] அப்புச்சி: காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது? நீ எந்தப் பக்கம் நின்றாய்?

[மாலை 7.21] நான்: அப்போது லேசாகக் கிழக்கிலிருந்து காற்று வரத் தொடங்கியிருந்தது. கண் கூசக் கூடாது என்று நான் சூரியனுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே நின்றேன்.

[மாலை 7.29] அப்புச்சி: அங்கேதான் பிழை புகுந்தது, சாமி. துடுப்பு வைத்த எதுவும் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பும். ஆக உன் ராக்கெட் உன்னை நோக்கிச் சாய்ந்துதான் ஏறியிருக்கும். அது உச்சியில் இருந்தபோது உனக்கும் அதன் நேர் அடிக்கும் இடையே 50 மீட்டர் இருந்திருக்காது. ஆனால் நீ 50 என்றே பெருக்கிவிட்டாய். எதிர்ப்பக்கத்திலும் 50 மீட்டரில் ஒருவர் நின்று கோணம் எடுத்திருந்தால் இது தெரிந்திருக்கும். அவருக்கு 38 பாகை வந்திருந்தால், இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும்போது கண்ணுக்கு மேல் உயரம் 42 மீட்டர்தான். முதலிடத்தை நான் பறிக்கவில்லை. அடுத்த முறை இரண்டு பேர் நில்லுங்கள் என்று சொல்கிறேன்.

[மாலை 7.31] தம்பி: 42 மீட்டர் என்றால் முதலிடம் எனக்கு அல்லவா வர வேண்டும்? என்னுடையது 43.

[மாலை 7.32] நான்: உன்னுடையதை அளந்ததும் நான்தான், நின்றதும் அதே இடம்தான்.

[மாலை 7.40] சின்ன மாமா (ஹூஸ்டன்): இங்கே இப்போதுதான் விடிந்து காபி குடிக்கிறேன். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பாராசூட் வைக்கவில்லையா?

[மாலை 7.41] அம்மாயி: வான்குடை என்று எழுதலாமே, சின்னவனே.

[மாலை 7.52] தம்பி: வைத்தோம், மாமா, இரண்டு முறை வைத்து இரண்டு முறையும் தோற்றோம். குப்பைப் பையை வெட்டிச் செய்த வான்குடையை மூக்குக்குள் மடித்து வைத்து, உச்சியில் மூக்கு தானாகக் கழன்று விழும்படி லேசாக மாட்டியிருந்தேன். தண்ணீர் தீர்ந்த அந்த நொடியிலேயே மூக்கு கழன்றுவிட்டது. எங்களோடு வந்த ஆசிரியர் காரணம் சொன்னார்: களிமண் இருக்கும் மூக்கு கனமானது, அதே வேகத்தில் போகப் பார்க்கிறது, காலிப் பாட்டிலைக் காற்று பிடித்து நிறுத்துகிறது. ஆகவே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. முழு வேகத்தில் விரிந்த வான்குடை, தைத்த இடத்தில் எல்லாம் நார்நாராகக் கிழிந்தது. அடுத்ததில் மூக்கைச் சுற்றி ஒரு சுற்று டேப் ஒட்டினேன். அது கடைசி வரைக்கும் கழலவே இல்லை. ஏரியின் காய்ந்த வண்டலில் குத்திட்டு நின்றது. பிடுங்கினால் களிமண் தோசையாகத் தட்டையாகியிருந்தது.

[இரவு 8.04] சின்ன மாமா (ஹூஸ்டன்): மேலே அனுப்புவது பாதி வேலை கூட இல்லை என்று இங்கே மன்றத்தில் நாங்களும் பேசிக்கொள்வோம். கடையில் விற்கும் கருமருந்து மோட்டார்களில் இதற்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறார்கள். அட்டைக்குழாயின் மேல் சி6-5 என்று அச்சிட்டிருக்கும். சி என்ற எழுத்து, எரிந்து முடியும் வரை அது தரும் மொத்த உந்துதலின் அளவு. ஏ, பி, சி என்று ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் உச்ச அளவு இரட்டிக்கும். 6 என்பது சராசரியாக எத்தனை நியூட்டன் தள்ளுகிறது என்பது. கடைசியில் வரும் 5தான் உனக்கு வேண்டியது: மருந்து எரிந்து முடிந்ததும் ஐந்து விநாடி மெதுவாகப் புகைந்துகொண்டே ராக்கெட் தன் வேகத்தில் ஏறும், பிறகு ஒரு சிறு வெடி முன்பக்கமாக வெடித்து மூக்கையும் வான்குடையையும் வெளியே தள்ளும். ராக்கெட்டுக்குப் பொருந்தாத எண்ணை வாங்கினால் நமக்கும் உன் கதைதான். போன ஆண்டு நான் தாமதம் அதிகமுள்ள மோட்டாரைப் போட்டுவிட்டேன். கீழ்நோக்கி வேகம் பிடித்த பிறகு வான்குடை விரிந்து, அதன் கயிறு அட்டைக் குழாயை மேலிருந்து ஒரு சாண் நீளத்திற்குக் கிழித்துவிட்டது.

[இரவு 8.06] தம்பி: அந்த மோட்டாரில் இரண்டு கொண்டு வருகிறீர்களா, மாமா?

[இரவு 8.09] சின்ன மாமா (ஹூஸ்டன்): முடியாது. அது வெடிமருந்து, பெட்டியில் வைத்தால் என்னை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். வீட்டில் செய்து பார்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அதில் விரலை இழந்தவர்கள் உண்டு, அங்கே உரிமம் இல்லாமல் செய்வது குற்றமும்கூட. தண்ணீரில் இன்னும் நீ கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

[இரவு 8.11] அம்மா: நன்றி, தம்பி. இதை நான் சொன்னால் என் மகன் கேட்க மாட்டான்.

[இரவு 8.13] அத்தை: கிளைடர் எப்படித் தொலைந்தது என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே?

[இரவு 8.27] நான்: அதை எழுதத்தான் மனம் வரவில்லை, அத்தை. இறக்கையின் அகலம் அரை மீட்டர். காலையில் அது தலையைத் தூக்கித் தூக்கி விழுந்தது. மூக்கில் ஒரு காகிதக் கிளிப்பைச் செருகி, எடை மையத்தை இறக்கையின் முன் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டு வந்ததும் வழுக்கிக்கொண்டு போயிற்று. ரப்பரால் இழுத்து விட்டால் பத்துப் பன்னிரண்டு விநாடி பறக்கும். மேட்டில் முட்டாமல் வட்டமடிக்கட்டும் என்று வால் துடுப்பை ஒரு நூல் அளவு இடப்பக்கம் வளைத்து வைத்தேன். மதியம் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஏரியின் நடுவே மூன்று பருந்துகள் இறக்கையை அசைக்காமல் சுற்றிச் சுற்றி ஏறுவதைக் கண்டோம். சூடான காற்று அங்கே எழும்புகிறது என்று ஆசிரியர் சொன்னார். உடனே ஓடிப் போய் அந்த இடத்தில் கிளைடரை விட்டேன். அது இறங்கவே இல்லை. பருந்துகளோடு சேர்ந்து சுற்றியபடியே ஏறி, கட்டைவிரல் நகம் அளவாகி, பிறகு ஜவ்வரிசி அளவாகி, காற்றோடு மேற்கே நகர்ந்து போயிற்று. நாலரை நிமிடம் வரைக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காடுகளுக்குள் ஒரு மணி நேரம் தேடினோம்.

[இரவு 8.33] சின்ன மாமா (ஹூஸ்டன்): கயிறோ ரேடியோவோ இல்லாமல் தானே பறக்கும் மாடல்களில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு வைப்பார்கள். குறித்த நேரம் ஆனதும் வால் இறக்கை மேல்நோக்கி மடங்கிவிடும். மாடல் மிதப்பதை நிறுத்தி, படுத்த நிலையிலேயே தொப்பென்று கீழே இறங்கும். அந்தக் காலத்தில் மெதுவாகப் புகையும் ஒரு திரி, ரப்பர் வளையத்தைச் சுட்டு அறுக்கும்; இப்போது சின்னக் கடிகாரம் வைக்கிறார்கள்.

[இரவு 8.35] நான்: ஆசிரியரும் அதைச் சொன்னார். பன்னிரண்டு விநாடி பறப்பதற்குக் கடிகாரமா என்று நாங்கள் சிரித்தோம்.

[இரவு 8.36] அப்புச்சி: பெயர், எண் எதுவும் எழுதவில்லையா?

[இரவு 8.37] நான்: இறக்கையின் அடியில் பெரிய மாமாவின் எண்ணை எழுதியிருக்கிறேன், அப்புச்சி. எங்கள் கைப்பேசிகள் பைக்குள் இருக்கும் என்று அப்படிச் செய்தோம்.

[இரவு 8.52] பெரிய மாமா: இதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? மாலை ஐந்து மணியிலிருந்து தெரியாத எண் ஒன்று என்னை நான்கு முறை அழைத்தது. கடன் வேண்டுமா என்று கேட்பவர்கள் என்று நினைத்து நான் எடுக்கவே இல்லை. பொறுங்கள், அழைத்துப் பார்க்கிறேன்.

[இரவு 9.08] பெரிய மாமா: கிடைத்துவிட்டது. ஏரிக்கு மேற்கே ஒரு சேகோ ஆலையின் களத்தில் இருக்கிறது. பேசியவர் அங்கே காவலுக்கு இருப்பவர். களம் முழுக்க ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்ததாம். மாலையில் அள்ளுவதற்காகப் பலகையால் இழுத்தபோது, ஜவ்வரிசியோடு சேர்ந்து வந்திருக்கிறது. வெள்ளை மேல் வெள்ளையாகக் கிடந்ததால் அதுவரைக்கும் யார் கண்ணிலும் படவில்லை. வால் மட்டும் ஒடிந்திருக்கிறதாம்.

[இரவு 9.14] தம்பி: அவ்வளவு காடு, தோப்பு இருக்கும்போது அது ஏன் களத்தில் போய் இறங்க வேண்டும்?

[இரவு 9.22] சின்ன மாமா (ஹூஸ்டன்): இறங்கியது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் கருத்த ஏரி மண் வெயிலைக் குடித்துச் சூடாகிறது, அதன் மேல் காற்று எழும்புகிறது. வெள்ளைக் களம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, ஈர ஜவ்வரிசி காயும்போது இன்னும் குளிர்கிறது. எழுந்த காற்று எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும்? இறங்கும் காற்றில் மாட்டியிருந்தால் வியப்பில்லை.

[இரவு 9.25] அம்மாயி: இறக்கைக்குச் சிவப்புத் தாள் ஒட்டுங்கள். ஜவ்வரிசி ஏதாவது வீணாகியிருந்தால் விலையைக் கேட்டுக் கொடுத்துவிட்டு வா, பெரியவனே.

[இரவு 9.27] பெரிய மாமா: கேட்டேன், அம்மா, ஒன்றும் வேண்டாம் என்கிறார். தன் மகளுக்கு அது பறப்பதைக் காட்ட வேண்டுமாம். நாளைக் காலை எட்டு மணிக்கு இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு முன் கூட்டிக்கொண்டு போகிறேன். ரப்பரையும் பசையையும் எடுத்து வையுங்கள்.

[இரவு 9.31] அப்புச்சி: போகும்போது அந்தக் களம் இருக்கும் இடத்தை உன் கைப்பேசி வரைபடத்தில் குறித்து எனக்கு அனுப்பு. வண்டி ஓடிய தூரம் எனக்கு வேண்டாம். ஏரியின் நடுவிலிருந்து நேர்க்கோட்டுத் தூரம் வேண்டும்.