பி.ஜி. டாக்டருக்கு ஓட்டா? "மூணு வருஷத்துல போறவங்க" பேச்சுக்கு ஒரு பதில்

மூணாம் வருஷ மெடிசின்:
நேத்து ஐ.எம்.ஏ. (இந்திய மருத்துவர் சங்கம்) கிளைக் கூட்டத்துல ஒரு சீனியர் எழுந்து, ஆஸ்பத்திரியில வேலை பார்த்துக்கிட்டே மூணு வருஷ பி.ஜி. (மேல்படிப்பு) படிக்கிற எங்களப் பத்திச் சொன்னாரு: "ரெசிடென்ட் பிள்ளைகளைச் சேத்துக்கலாம், சந்தா வாங்கலாம், ஓட்டு மட்டும் வேண்டாம். மூணு வருஷத்துல மூட்டையக் கட்டுறவங்க." அதுக்குக் கைதட்டு வேற. நான் எம்.பி.பி.எஸ். முடிச்சு மெடிக்கல் கவுன்சில்ல டாக்டராப் பதிவு பண்ணினவ. ராத்திரி ரெண்டு மணிக்கு டெத் சர்டிபிகேட்டுல என் கையெழுத்து செல்லும், ஓட்டுச்சீட்டுல செல்லாதோ?

களியக்காவிளை கிளினிக்:
அந்தச் சீனியர் நான்தான் மக்ளே. 1928-ல கல்கத்தாவுல ஆரம்பிச்ச சங்கம் இது. நம்ம கிளைக்குக் கட்டடம் இருக்கு, கட்டடத்துக்குக் கடன் இருக்கு. நீ ஓட்டப் போட்டுட்டு டெல்லிக்குப் போவ, தவணைய நான் கட்டணும். மூணு வருஷம். அதச் சொன்னா கோவமா?

மூணாம் வருஷ மெடிசின்:
மக்ளேன்னு கூப்பிட வேண்டாம் சார், டாக்டர்னே சொல்லுங்க. ஆயுள் சந்தா கட்டினா ஊர் மாறும்போது கிளையும் மாத்திக்கலாம். போற ஊர்லயும் சங்கம்தானே இருக்கு?

களியக்காவிளை கிளினிக்:
சரி டாக்டர். போற ஊர்ல போய் ஓட்டுப் போடுங்க டாக்டர். இங்க மூணு வருஷம்தான் டாக்டர்.

பாறசாலைப் பக்கம்:
எங்க பக்கம் வந்து பாருங்க. 2021 டிசம்பர்ல நீட் பி.ஜி. கவுன்சலிங் (மேல்படிப்பு சீட் ஒதுக்குறது) இழுத்தடிச்சு புது பேட்ச் வராம இருந்தப்போ, கேரளத்துல பி.ஜி. பிள்ளைங்க தனிச் சங்கமா நின்னு வேலைநிறுத்தம் பண்ணினாங்க. யார்கிட்டயும் ஓட்டுக் கேட்டு நிக்கல.

ஈ.என்.டி. அண்ணாச்சி:
வந்துட்டாரு கேரளப் பெருமை. வோய், 2023 மே மாசம் கொட்டாரக்கரை தாலுகா ஆஸ்பத்திரியில ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) பிள்ளையைக் குத்திக் கொன்னது உங்க பக்கம்தான?

பாறசாலைப் பக்கம்:
அந்த மாசமே டாக்டர்களைத் தாக்குறவங்களத் தண்டிக்க அவசரச் சட்டமும் வந்தது எங்க பக்கம்தான். சாவ வச்சு எல்லைச் சண்டை போடாதீரும்.

மூணாம் வருஷ மெடிசின்:
நம்ம விஷயத்துக்கு வாங்க. ரெசிடென்டுக்கு வாரம் 48 மணி நேரம்னு மத்திய அரசு 1992-லயே எழுதி வச்சாச்சு. தேசிய மருத்துவ ஆணையத்தோட 2023 பி.ஜி. விதியில நம்பரே காணோம், "நியாயமான நேரம்"னு ஒரு வார்த்தைதான் இருக்கு. எது நியாயம்னு முடிவு பண்றது எங்க யூனிட் சீஃப். 36 மணி நேரம் ஒரே மூச்சுல நின்னுட்டு, அடுத்த ரவுண்ட்ஸுல நோயாளி ரத்தத்துல பொட்டாசியம் எவ்வளவுன்னு கேட்டா நாக்கு குழறுது. இதச் சங்கத்துல பேச ஓட்டுள்ள ஆள் வேண்டாமா?

களியக்காவிளை கிளினிக்:
நாங்க 72 மணி நேரம் நின்னவங்க, செத்தா போனோம்? அதே 2023 விதியில மூணு மாசம் மாவட்ட ஆஸ்பத்திரியில போய் இருக்கணும்னும் போட்டிருக்கு. அப்போ மூணு வருஷம்கூட இல்ல, ரெண்டே முக்கால்!

ஈ.என்.டி. அண்ணாச்சி:
சி.எம்.இ.க்கு (டாக்டர்களுக்கான தொடர் வகுப்பு) நாற்காலி நிரம்பலேன்னா மட்டும் ஹாஸ்டலுக்குப் போன் போடுவீங்க. அப்ப இந்த ரெண்டே முக்கால் கணக்கு எங்க போச்சு? அஞ்சு வருஷத்துக்கு 30 கிரெடிட் ஹவர் உங்களுக்கு, பின்வரிசையில தூக்கம் அதுகளுக்கு. போன எலெக்‌ஷன்ல என் பேரு லிஸ்டுல விட்டுப் போனதும் உங்க கைங்கரியம்தான், நான் மறக்கல.

களியக்காவிளை கிளினிக்:
சந்தா பாக்கி வச்சவன் பேரு லிஸ்டுல எப்படி வோய் வரும்?

ஈ.என்.டி. அண்ணாச்சி:
ரசீது இருக்கு. ஸ்கேன் பண்ணிப் போடவா?

களியக்காவிளை கிளினிக்:
போடும்.

மூணாம் வருஷ மெடிசின்:
2024 ஆகஸ்ட் 17, கொலையான கல்கத்தா ரெசிடென்டுக்காக இதே சங்கம் 24 மணி நேரம் வேலைநிறுத்தம் அறிவிச்சது. நீங்க ஷட்டர இறக்கிட்டு போட்டோவுக்கு நின்னீங்க சார். கேஷுவாலிட்டில நின்னது நாங்க. பேனர்ல எங்களுக்கு இடம் உண்டு, ஓட்டுலதான் இல்ல.

களியக்காவிளை கிளினிக்:
அன்னைக்கு என் கிளினிக் முன்னாடி நின்ன நோயாளிகளுக்குப் பதில் சொன்னது யாரு, நீயா? திரும்பத் திரும்பச் சொல்லுகேன்: மூணு வருஷம்.

பாறசாலைப் பக்கம்:
ரசீது வந்துதா?

ஈ.என்.டி. அண்ணாச்சி:
வீட்டுக்காரி பீரோவுல வச்சிருக்கா. சாயந்திரம் போடுகேன்.

களியக்காவிளை கிளினிக்:
தெரியும் வோய், தெரியும்.