குருதிக்குழாய் முளைக்கும்போது முன்செல்லும் செல்லைத் தீர்மானிப்பது எது?

கேள்வி: ஆக்சிஜன் குறைந்த திசு வி.இ.ஜி.எஃப் என்னும் புரதத்தைச் சுரக்கிறது என்றும், அருகிலுள்ள குருதிக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் அதை நோக்கி முளைவிடுகின்றன என்றும் படித்தேன். பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு ஒரே செய்தி எட்டும்போது, ஒன்று மட்டும் முன்செல்வது எப்படி?

மறுமொழி: அவை ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதால்தான். செய்தியைச் சற்றே கூடுதலாக உணர்ந்த செல் தன் மேற்பரப்பில் டி.எல்.எல்.4 புரதத்தை மிகுதியாக ஏந்துகிறது; அது தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் அண்டைச் செல்லின் நாட்ச் என்னும் ஏற்பியை, அதாவது வெளியிலிருந்து வரும் குறிப்பை உணரும் மேற்பரப்புப் புரதத்தைத் தூண்ட, அந்த அண்டைச் செல் தன் வி.இ.ஜி.எஃப் ஏற்பிகளைக் குறைத்துக்கொண்டு, முளையின் காம்பாகப் பின்தங்குகிறது. முனையிலுள்ள செல்லோ விரல் போன்ற மெல்லிய நீட்சிகளால் வழியைத் துழாவிச் செல்வதை நுண்ணோக்கியில் காணலாம். எனக்கு இன்றும் வியப்பளிக்கும் காட்சி அது.

மறுமொழி: இந்தத் தடை நீங்கினால் விளைவது இன்னும் கவனிக்கத்தக்கது. எலிகளின் புற்றுக்கட்டிகளில் டி.எல்.எல்.4-ஐத் தடுத்தபோது குழாய்கள் பெருகின. ஆனால் அவற்றில் குருதி சரிவர ஓடாததால் கட்டியின் வளர்ச்சி குறைந்தது. இந்த ஆய்வுகள் 2006-இல் வெளிவந்தன.

மறுமொழி: முனையிடம் நிலையானதன்று என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முளை நீளும்போதே செல்கள் இடம் மாறிக்கொள்கின்றன.