லீவுக் கடிதத்தில் ‘ரிகவர்’ சரியா, ‘ரிகூப்பரேட்’ சரியா?

கொட்டாஞ்சேனை வாசகர்:
டெங்கு வந்து, ஹொஸ்பிட்டலில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு வந்த ஒருவர் இன்னும் ரெண்டு கிழமை லீவு கேட்டு ஒபிசுக்கு இங்கிலிஷில் எழுத வேணும். எந்தச் சொல் போடுறது? அகராதியில் ரெண்டுக்கும் ‘குணமடைதல்’ என்றுதான் கிடக்கு.

ஆங்கில ஆசிரியை, வெள்ளவத்தை:
ரெண்டும் ஒரே லத்தீன் சொல்லில் பிறந்தவை. பிரெஞ்சு வழியாக வந்தது ரிகவர், லத்தீனில் இருந்து நேரே எடுத்தது ரிகூப்பரேட். புழக்கத்தில் பிரிஞ்சு போச்சு.

காய்ச்சல் விட்டு, பிளேட்லெட் ஏறி, டொக்டர் ‘இனிப் பயமில்லை’ என்ற பிறகும் மாடிப்படி ஏற மூச்சு வாங்கும், பின்னேரமானால் உடம்பு சோர்ந்து விழும். ஓய்வெடுத்து, நல்லாச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு பலத்தை மீட்கிற அந்த இடைக்காலம்தான் ரிகூப்பரேட். ‘உடம்பு தேறி வருது’ என்கிறோமே, அதேதான். முற்றாகச் சுகமானதைச் சொல்ல ரிகவர் போடுங்கோ: ‘ஹீ ஹேஸ் ஃபுல்லி ரிகவர்ட்.’ இந்த இடத்தில் மற்றச் சொல் அவ்வளவாக ஒட்டாது.

லீவு கேட்பது தேறுகிற காலத்துக்குத்தானே. ஆகவே: ‘ஐ நீட் டூ மோர் வீக்ஸ் டு ரிகூப்பரேட் ஃப்ரொம் டெங்கு.’ ரிகவர் போட்டாலும் பிழையில்லை. ஆனால் ரிகூப்பரேட், வருத்தம் தீர்ந்தும் பலம் வரவில்லை என்பதைத் தெளிவாகக் காட்டும். நோயின் பெயருக்கு முன்னால் ‘ஃப்ரொம்’ கட்டாயம். ‘ரிகவர்ட் த ஃபீவர்’ என்று எழுதினால், தொலைத்த காய்ச்சலைத் தேடி எடுத்த மாதிரி ஆகிவிடும்.

மொழிபெயர்ப்பாளர், தெஹிவளை:
டீச்சர் சொன்னதோடு இதையும் கவனியுங்கோ. ‘ஐ ஏம் ரிகூப்பரேட்டட்’ என்று எழுதக் கூடாது. தேறுவது ஆள் தானே செய்கிற வினை, வேறொருவர் அவருக்குச் செய்வதில்லை. ‘ஐ ஏம் ரிகூப்பரேட்டிங் அட் ஹோம்’ என்றால் சரி. நோயைத் தீர்ப்பதற்கு ‘கியூர்’. காயமோ எலும்போ ஆறினால் ‘ஹீல்’: கால் ஹீல் ஆகும், ஆள் ரிகூப்பரேட் ஆவார். ரிகூப்பரேட் (recuperate) எழுத்துக்கூட்டலில் பலர் ‘சி’க்குப் பிறகு ஒரு ‘ஓ’ சேர்க்கிறார்கள். நட்டத்தை மீட்பதைக் குறிக்கும் ‘ரிகூப்’ (recoup) என்ற பக்கத்துச் சொல்லின் குழப்பம் அது. உச்சரிக்கும்போது அழுத்தம் ‘கூ’வில்.

லீசிங் துறை ஊழியர், மருதானை:
எங்கட பக்கம் ரிகவரி என்றால் தவணை கட்டாத கடனை அறவிடுறது. ரிகவரி ஒபிசர், பிரேக்டவுன் வாகனத்தை இழுக்கிற ரிகவரி ட்ரக், அழிஞ்ச டேட்டாவை எடுக்கிறது எல்லாத்துக்கும் ரிகவரிதான். அங்கே ரிகூப்பரேஷன் வராது. நட்டத்தை மீட்பதற்கு ரிகூப்பரேட் எப்பவாவது எழுதுவார்கள், வழக்கத்தில் உள்ளது ரிகூப்.

கொட்டாஞ்சேனை வாசகர்:
நன்றி டீச்சர். ‘மை டொக்டர் ஹேஸ் அட்வைஸ்ட் மீ டு ரிகூப்பரேட் அட் ஹோம்’ என்று தொடங்கலாமா?

ஆங்கில ஆசிரியை, வெள்ளவத்தை:
தாராளமாக. அடுத்த வரியில் எந்தத் திகதி வரை என்று எழுதி, மெடிக்கலை இணையுங்கோ. மெடிக்கலில் உள்ள திகதியும் கடிதத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேணும்.